மை சொன்னால் போதுமா? நெருப்பெரிச்சல் செக்கிங் டேபிள் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதரிகளே,

திருப்பூர் நெருப்பெரிச்சலிலும், பக்கத்தில் போயம்பாளையம், பூலுவபட்டி வரைக்கும் இருக்கிற பனியன் கம்பெனிகளிலும் செக்கிங் டேபிளில் நிற்கிற உங்களுக்கு இந்த மடல். முதலாளிகளுக்கும் டெய்லர்களுக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

கம்பெனியில் ஒரு பொருள் காணாமல் போனால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். டிபன் பையில் வைத்த செல்போன், கை கழுவும்போது கழற்றி வைத்த மோதிரம், சனிக்கிழமை வாங்கிய சம்பளக் கவர். முதல் அரைமணி நேரம் எல்லோரும் தேடுவார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒருத்தர் சொல்வார்: "மை போட்டுப் பாத்துருலாங்க."

முன்பெல்லாம் இதற்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகவேண்டும். மை போடுகிறவர் வெற்றிலையில் கருமையைத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, பொருள் எங்கே இருக்கிறது, எடுத்தது யார் என்று சொல்வார். இப்போது அந்தச் சிரமமும் இல்லை. வீடியோ காலில் பார்த்துச் சொல்கிறவர்கள் வந்துவிட்டார்கள். எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு நெருப்பெரிச்சலில் நடந்ததைப் பார்க்கிறார்கள். காணிக்கை செல்போனிலேயே போய்ச் சேருகிறது.

வருகிற பதிலையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். "மாநிறமா ஒரு ஆளு. கூடவே இருக்கிற ஆளு. வடக்குத் திசை. பொருள் தண்ணிக்குப் பக்கத்துல இருக்குது. இன்னும் கை மாறல." கூட இருக்காத ஆள் கம்பெனிக்குள் எப்படி வருவான்? தண்ணிக்குப் பக்கத்தில் இல்லாத இடம் எந்தக் கம்பெனியில் இருக்கிறது? குடிதண்ணீர் கேன், பாத்ரூம், தொட்டி, அயர்னிங் டேபிள் பாய்லர் என்று எங்கே திரும்பினாலும் தண்ணீர்தான். ஆனால் இந்தப் பதில் ஒரு முகத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அது ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்து ஹெல்ப்பராக இருக்கிற பையனின் முகம். இல்லாவிட்டால் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற ஓர் அக்காவின் முகம். யாருக்காகப் பேச ஆள் இல்லையோ, மையில் தெரிகிறவர் அவராகவே இருப்பார். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

தூரத்தில் இருப்பதைக் கண்ணும் காதும் இல்லாமல் காணமுடியும் என்பது நம் நாட்டில் பழைய நம்பிக்கை. குருக்ஷேத்திரத்தில் நடந்ததை அரண்மனையில் இருந்தபடி திருதராஷ்டிரனுக்குச் சொன்ன சஞ்சயன் கதை எல்லோருக்கும் தெரியும். மறைந்திருப்பதையும் தொலைவில் இருப்பதையும் அறிவது யோகத்தில் கிட்டும் சித்திகளில் ஒன்று என்று பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்கிறது. கதையாகவும் தத்துவமாகவும் அதைப் படிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. அதே சக்தி தனக்கு இருக்கிறது என்று ஒருவர் சொல்லி, அதை வைத்து இன்னொருவரைத் திருடன் என்று காட்டும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. அப்போது அது செக்கிங்குக்கு வரவேண்டிய சரக்கு.

உங்களுக்கு எழுதக் காரணம் இதுதான். திருப்பூரில் ஒருவர் வாயால் சொன்னதை அப்படியே நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் நீங்கள். டெய்லர் "தையல் சரியாத்தான் இருக்கு" என்று சொன்னால் நீங்கள் பீஸைத் திருப்பித்தான் பார்க்கிறீர்கள். கறை, ஓட்டை, தையல் விட்ட இடம், ஷேடு மாறியது எல்லாவற்றிலும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். கடைசியில் பையரின் கியூசி வரும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். 5,000 பீஸ் இருக்கிற லாட் என்றால், வழக்கமான அளவுகோலில், 200 பீஸ் எடுப்பார். பெரிய டேமேஜ் பத்து வரைக்கும் பாஸ், பதினொன்று வந்தால் ஃபெயில். எந்தப் பெட்டியைத் திறப்பது என்று கம்பெனி சொல்லமுடியாது, அவர்தான் சொல்வார். பத்தா பதினொன்றா என்கிற கோடு பெட்டியைத் திறப்பதற்கு முன்பே போட்டாயிற்று. எண்ணி முடித்த பிறகு "அந்த மூணு பீஸை விட்டுருங்க, அன்னைக்குக் கரண்ட் போயிருச்சு" என்று பேச இடமில்லை.

தூரப் பார்வை என்கிற சரக்கையும் உலகத்தில் பலர் இந்த முறையில்தான் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என்ன கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

மையிலிருந்தே தொடங்குகிறேன். எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்தில் பல வருடம் தங்கி, 1836இல் அந்த நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். கெய்ரோவில் ஒரு மந்திரவாதி, ஒரு சிறுவனின் உள்ளங்கையில் மையை ஊற்றி அதைப் பார்க்கச் சொன்னதை அதில் விவரித்திருக்கிறார். சிறுவனுக்கு முதலில் ஒருவன் தரையைக் கூட்டுவது தெரிகிறது. பிறகு கொடிகள், படை, கூடாரம், சுல்தான். நம் ஊரில் அஞ்சனம் போட்டுப் பார்க்கும்போது முதலில் ஆள் வந்து கூட்டுவார், தண்ணீர் தெளிப்பார், ஆசனம் போடுவார், அப்புறம் ஆஞ்சநேயர் வருவார் என்று சொல்வார்களே, அதே வரிசை. நைல் நதிக் கரைக்கும் நொய்யல் கரைக்கும் ஒரே துடைப்பம்.

லேன் சோதித்துப் பார்த்தார். கை இழந்த ஆங்கிலேயத் தளபதி நெல்சனைக் காட்டச் சொன்னார். ஐரோப்பிய உடையில் இடது கை இல்லாத ஒருவர் தெரிகிறார் என்றான் சிறுவன். இல்லை, கை மார்பின் மேல் இருக்கிறது என்று உடனே திருத்தினான். வெறும் சட்டைக்கையை மார்பில் குத்திக்கொள்வது நெல்சனின் வழக்கம். போனது வலது கை. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் மாறித் தெரியும் என்று மந்திரவாதி விளக்கம் சொன்னார். லேன் அசந்துபோனார். ஆனால் அவர் நேர்மையான மனிதர். பிற்பாடு அதே மந்திரவாதி மற்றவர்கள் முன்னால் திரும்பத் திரும்பத் தோற்றதையும் எழுதினார். பலித்த தடவைகளில் எல்லாம் ஒருவரே மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறார் என்பதையும் கவனித்தார். அவர் ஸ்காட்லாந்தில் பிறந்து எகிப்தில் குடியேறியவர். நெல்சன் யார், அவருக்கு எந்தக் கை இல்லை என்பதெல்லாம் தெரிந்தவர். விடை தெரிந்த ஒருவர் அறைக்குள் இருந்தார். அவ்வளவுதான்.

சகோதரிகளே, மை போட்டுப் பார்க்கிற இடத்தில் நீங்கள் முதலில் தேடவேண்டியது இந்த மொழிபெயர்ப்பாளரைத்தான். வீடியோ காலில் கம்பெனியைக் காட்டுகிற சூப்பர்வைசருக்கு ஏற்கெனவே ஒருவர் மேல் சந்தேகம் இருக்கும். "ஆம்பளையா, பொம்பளையாங்க?" என்று அவர் கேட்பார். "பொம்பள மாதிரித்தான்..." என்று மறுமுனை இழுக்கும். சூப்பர்வைசரின் முகம் மாறும். "ஆமா, ஆம்பளதான், துண்டு போட்டிருக்கிறதால அப்படித் தெரிஞ்சுது." யாரும் ஏமாற்றவேண்டும் என்று நினைக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. கேள்வி கேட்கிறவர் வாயிலிருந்து தெரியாமலேயே விடை கசிகிறது. மை போடுகிறவரும் தனக்குச் சக்தி இருப்பதாக மனதார நம்பலாம். நான் பார்த்தவரையில் பாதிப்பேராவது அப்படி நம்புகிறவர்கள்தான்.

விடை கசியாமல் இருக்கத்தான் தூரம் வேண்டும் என்று விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் என்பவர் 1930களில் 25 சீட்டுகள் கொண்ட கட்டு ஒன்றைப் பயன்படுத்தினார். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என்று ஐந்து படங்கள், படத்துக்கு ஐந்து சீட்டு. குருட்டாம்போக்கில் சொன்னாலும் 25க்கு ஐந்து சரியாக வரும். 1933-34இல் பியர்ஸ் என்ற மாணவர் நூலகத்தில் உட்கார்ந்துகொள்ள, 100 கஜத்துக்கு அப்பால் வேறு கட்டடத்தில் பிராட் என்ற ஆய்வாளர் நிமிடத்துக்கு ஒரு சீட்டாக எடுத்து வைத்தார். 250 கஜத்துக்கு அப்பாலிருந்தும் செய்தார்கள். மொத்தம் 1,850 சீட்டு. குருட்டுக்கணக்கில் 370 வரவேண்டும். வந்தது 558. உலகம் வாய்பிளந்தது.

ஹான்சல் என்ற உளவியலாளர் பின்னாளில் அந்தக் கட்டடங்களுக்கே போய்ப் பார்த்து ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். நூலகத்தில் பியர்ஸுக்குக் காவல் யார்? ஒருவரும் இல்லை. அவர் எழுந்து வந்து, சீட்டுகளைக் குறித்துக்கொள்ளும்போது எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்க வழி இருந்தது. அப்படித்தான் செய்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் செய்யமுடியாது என்று உறுதி சொல்லவும் முடியவில்லை. ஓட்டை இருக்கிற பீஸை நீங்கள் பாஸ் போடமாட்டீர்கள், அந்த ஓட்டை வழியாக யாராவது விரல் விட்டார்களா என்பது அப்புறம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தோன்றலாம். நமக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் இருந்தார். கோயம்புத்தூரை ஒட்டிய போத்தனூரில்தான் இருந்தார். பெயர் பி. பிரேமானந்த். 1930இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். 1988 முதல் போத்தனூரிலிருந்து 'இந்தியன் ஸ்கெப்டிக்' என்ற ஆங்கில மாத இதழை நடத்தினார். 2009 அக்டோபர் 4ஆம் தேதி போத்தனூரிலேயே காலமானார். சாகும் தறுவாயில் பயந்துபோய்ச் சாமி கும்பிட்டார் என்று பின்னால் யாராவது கதை கட்டிவிடக்கூடாது என்பதற்காக, தான் இன்னும் பகுத்தறிவாளன்தான் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அறிக்கை கொடுத்துவிட்டுப் போனவர். தன் சாவுக்கே அத்தாட்சி எழுதி வைத்த மனிதர் என்று இவரைத்தான் சொல்லவேண்டும்.

பிரேமானந்தின் வழி வாதாடுவது இல்லை. சாமியார்கள் செய்கிறதை அவரும் செய்துகாட்டுவார். கையிலிருந்து விபூதி வரவைப்பார், நாக்கில் கற்பூரம் ஏற்றுவார், அலகு குத்துவார். பிறகு எப்படிச் செய்தேன் என்று மேடையிலேயே சொல்லிக்கொடுப்பார். ஊர் ஊராக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இதைச் செய்தார். கூடவே ஒரு லட்ச ரூபாய்ப் பந்தயம். ஏமாற்ற வழியில்லாத நிலையில் அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு அந்தப் பணம்.

பந்தயத்தைத் தொடங்கியவர் அவருடைய முன்னோடி ஆபிரகாம் கோவூர். அவரையும் நம் ஆள் என்றே சொல்லலாம். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, 1928இல் இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு கொழும்பில் பேய் பிடித்த வீடுகளையும் குறி சொல்கிறவர்களையும் ஒவ்வொன்றாக ஆராய்வதே அவருடைய வேலையானது. அவர் ஆராய்ந்த ஒரு சம்பவத்தை வைத்து மலையாளத்தில் 'புனர்ஜென்மம்' என்ற படம் 1972இல் வந்தது, அடுத்த வருடம் தமிழில் 'மறுபிறவி' என்று வந்தது. உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கலாம்.

கோவூர் 1963இல் அறிவித்த சவாலில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும், லட்ச ரூபாய். தண்ணீர்மேல் நடக்கலாம், அந்தரத்தில் நிற்கலாம், இன்னொருவர் மனதில் நினைப்பதைச் சொல்லலாம். பட்டியலில் முதல் இடத்தில் இருந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது: மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.

அதன் அழகைப் பாருங்கள். நோட்டின் எண் எண்ணாகத்தான் இருக்கும். "தண்ணிக்குப் பக்கத்துல" என்று சொல்லித் தப்பமுடியாது. "மாநிறமா ஒரு எண்" என்று சொல்லமுடியாது. சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு, எடைபோட ஒரு பண்டிதரும் வேண்டாம். உறைக்கும் மை போடுகிறவருக்கும் நடுவே இருப்பது ஒரு தாள். பத்து மைல் தூரத்தில் திருடனின் சட்டை நிறம் தெரிகிறவருக்கு ஒரு தாள் கனத்துக்கு அப்பால் இருக்கிற எண் தெரியவேண்டாமா? பந்தயத்துக்கு வருகிறவர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டவேண்டும், விளையாட்டுக்கு வருகிறவர்களை வடிகட்ட. கோவூர் 1978இல் இறந்தார். பிரேமானந்த் பந்தயத்தைத் தொடர்ந்தார். இருவர் காலத்திலும் அந்த லட்ச ரூபாயை ஒருவரும் வாங்கிப் போகவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் 1964இல் ஆயிரம் டாலரில் தொடங்கிய பந்தயம் பத்து லட்சம் டாலர் வரைக்கும் வளர்ந்து 2015இல் முடிந்தது. ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். முதல்கட்டச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை.

பணம் வேண்டாம், நாட்டுக்காக என்றால்? அதையும் செய்து பார்த்தாயிற்று. ரஷ்யாக்காரன் செய்கிறான் என்ற பயத்தில், 1972 முதல் அமெரிக்க உளவுத்துறையும் ராணுவமும் தூரப் பார்வைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். கலிபோர்னியாவில் டார்க், புட்ஹாஃப் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் நடத்திய ஆய்வு 1974இல் 'நேச்சர்' இதழிலேயே வந்தது. ஒருவர் வெளியே போய் ஏதாவது ஓர் இடத்தில் நிற்பார், அறைக்குள் இருப்பவர் அந்த இடத்தை வர்ணிப்பார், எந்த வர்ணனை எந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்று நடுவர் பார்ப்பார். டேவிட் மார்க்ஸ், ரிச்சர்ட் கம்மன் என்ற இருவர் அந்தக் குறிப்புகளை வாங்கிப் படித்தபோது, "நேற்றுப் பார்த்த இரண்டு இடங்கள்" என்பது போன்ற பேச்சுகள் அழிக்கப்படாமல் இருந்தன. அதை வைத்தே எது முதல் நாள், எது மூன்றாம் நாள் என்று நடுவர் வரிசைப்படுத்திவிடமுடியும். தூரப் பார்வை எதுவும் தேவையில்லை.

ஒரு நிஜமான பரீட்சையும் வந்தது. 1981 டிசம்பர் 17ஆம் தேதி, இத்தாலியின் வெரோனா நகரில் டோசியர் என்ற அமெரிக்க ராணுவத் தளபதியைத் தீவிரவாதிகள் கடத்திக்கொண்டு போனார்கள். காணாமல் போனது செல்போன் இல்லை, தளபதி. அவரைத் தேடித் தூரப் பார்வைக்காரர்களும் இறக்கப்பட்டார்கள். 42 நாள் கழித்து, 1982 ஜனவரி 28ஆம் தேதி, பாதுவா நகரின் ஒரு குடியிருப்பில் இத்தாலியப் போலீஸ் அவரை மீட்டது. பிடிபட்ட ஆட்களை விசாரித்து, வீடு கண்டுபிடித்து, கதவை உடைத்து. கடைசியில் 1995இல் மொத்தத் திட்டத்தையும் மதிப்பிட இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஜெசிகா அட்ஸ் என்ற புள்ளியியல் பேராசிரியர், எண்களில் குருட்டாம்போக்கைத் தாண்டிய ஏதோ இருக்கிறது என்றார். ரே ஹைமன் என்ற உளவியலாளர், அதை வைத்து அப்படிச் சொல்லமுடியாது என்றார். அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல், ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் செலவு செய்தும், ஓர் உளவு நடவடிக்கைக்குக்கூட அந்தப் பார்வையை நம்பி இறங்க முடிந்ததில்லை என்பது மதிப்பீட்டின் முடிவு. கடையை மூடிவிட்டார்கள்.

நம் நாட்டில் ஜாதகத்துக்கும் ஒரு செக்கிங் நடந்தது. வானியலாளர் ஜெயந்த் நாரளீகரும் அவருடைய குழுவினரும் 2008இல் புனேயில் செய்தது. கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஜாதகம் நூறு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகம் நூறு. ஆளுக்கு நாற்பது ஜாதகம் கொடுத்து எது எந்த வகை என்று கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் பதில் அனுப்பினார்கள். சராசரியாக 46 சதவீதம் சரி. காசு சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும்.

பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில வருடங்களுக்கு முன் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்று ஒரு பயிற்சி கொங்குப் பக்கமெல்லாம் நோட்டீஸ் ஒட்டிப் பறந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளை புத்தகம் படிக்கும், கலர் சொல்லும் என்றார்கள். ஆயிரக்கணக்கில் கட்டணம். மங்களூருவின் நரேந்திர நாயக் இதை நேரில் சோதித்துக் காட்டினார். கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கிற இடுக்கு வழியாகக் கீழே தெரிகிறது. துணியை இறுக்கி மூக்கோரத்தை அடைத்தாலோ, புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்தாலோ பார்வை போய்விடுகிறது. பெற்றவர்கள் முன்னால் பொய் சொல்லப் பிள்ளைக்குக் காசு கட்டிப் பழக்கிவிட்டோமே என்பதுதான் இதில் என் கோபம். பணம் அப்புறம்.

இனி நம் கம்பெனிக்கு வருவோம். மை போடுகிறவரை விரட்டச் சொல்லி நான் எழுதவில்லை. அவரைக் கூப்பிடுவது என்று ஆகிவிட்டால், திருடனைக் கேட்பதற்கு முன்னால் ஒரு செக்கிங் வையுங்கள். செலவு இல்லை. பத்து காலி அட்டைப்பெட்டி எடுத்து ஒன்று முதல் பத்து வரை எண் போடுங்கள். ஒரு பெட்டியில் ஒரு சிவப்பு பனியன். எந்தப் பெட்டி என்பதைக் குலுக்குச் சீட்டு எடுத்து ஒரே ஒருத்தர் வைக்கட்டும். வைத்தவர் உடனே கிளம்பிப் போய்விட வேண்டும், மை போடுகிறவரிடமும் அவரோடு பேசுகிறவரிடமும் முகம்கூடக் காட்டக்கூடாது. பேசுகிறவருக்கு விடை தெரியக்கூடாது. கெய்ரோ மொழிபெயர்ப்பாளரை ஞாபகம் வையுங்கள். பதில் ஓர் எண்ணாக எழுத்தில் வரவேண்டும். இப்படி ஐந்து தடவை. நாலு தடவை சரியென்றால் பாஸ் என்று முன்னாடியே எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போடுங்கள். குருட்டாம்போக்கில் ஒருவர் நாலோ ஐந்தோ சரியாகச் சொல்ல இரண்டாயிரத்தில் ஒரு வாய்ப்புக்கும் கொஞ்சம் குறைவுதான். அதைத் தாண்டினால் நானே வந்து காலில் விழுகிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு முன்னால், பனியன் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு ஒரு தடவை மை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "நல்லாத் தெரியுது" என்பார். இடம் சரி, நேரம் சரி, கூட இருப்பவர்களால் தொந்தரவு இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் தோற்றால், "தீட்டு இருக்குது", "நம்பிக்கை இல்லாதவங்க நிக்கறாங்க", "இன்னைக்கு அமாவாசை கழிஞ்சு போச்சு" என்பதற்கு இடம் இருக்காது. விடை தெரிந்தபோது அதே தீட்டோடு தெரிந்ததே.

நீங்கள் ஒன்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் மை போட்டார்கள், மறுநாளே மோதிரம் கிடைத்ததே? கிடைத்திருக்கும். மை போடப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததும் எடுத்தவர் பயந்துபோய் இருட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவது உண்டு. நானே அப்படி ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது பயம் செய்த வேலை, பார்வை எதுவும் நடக்கவில்லை. அந்தப் பயம் எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் ஒரேமாதிரி பிடிக்கும் என்பதுதான் சிக்கல். மையைக் கண்டு நடுங்குகிற நிரபராதியின் கை நடுக்கத்தை நாம் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம்.

பக்கத்தில் இருக்கிற திருமுருகன்பூண்டியில்தான், சேர மன்னன் கொடுத்த பொன்னையும் பொருளையும் வேடர்கள் வழிமறித்துப் பறித்துக்கொண்டார்கள் என்று சுந்தரர் கதை சொல்கிறது. அவர் மை போட்டுப் பார்க்கவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய், காவல் காக்கவேண்டிய நீ இங்கே எதற்கு இருக்கிறாய் என்று சிவனையே கேட்டார். பொருள் திரும்பி வந்தது. புகார் கொடுக்கவேண்டிய இடத்தில் கொடுப்பது பக்திக்கும் விரோதம் இல்லை.

தூரத்திலிருந்து வருகிற பேச்சு நம் ஊரை என்ன செய்யும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன பையன்கள் மூட்டை கட்டினார்கள். பிகார் அரசின் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. எங்கோ இருப்பவர் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னதன் விலை அது. மையில் வருகிற "வடக்கத்தி முகம்" அதற்குச் சின்னத் தங்கச்சி.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த தடவை உங்கள் கம்பெனியில் பொருள் காணாமல் போய், மை என்ற பேச்சு எழுந்தால், செக்கிங் டேபிளிலிருந்து ஒருத்தராவது வாய்திறந்து "முதல்ல பத்து பெட்டி வையுங்க" என்று சொல்லுங்கள். அதைத் தாண்டாதவர் வாயிலிருந்து ஓர் ஆளின் பெயரோ அடையாளமோ வர விடாதீர்கள். மை சொன்னது என்று ஒருவரின் சம்பளத்தைப் பிடிக்கவோ, பையைக் கொட்டவோ எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்பதையும் சத்தமாகச் சொல்லுங்கள். நகையோ பணமோ போனால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். போன் போனால், மனு கொடுத்த கையோடு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிந்தால் அந்தக் கருவியை நாடு முழுக்க முடக்கலாம், யாராவது சிம் போட்டால் போலீசுக்குத் தகவல் போகும். அதற்கு உங்கள் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். நட்சத்திரம், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வரும். இந்த மடலைப் படித்து முடித்ததும் அதை அழுத்தி, வருகிற எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து டேபிளில் நிற்கிற ஒடிசாப் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு பத்திரிகை எழுத்தாளன்